போலி மாத்திரையும் பழகிப்போன கிருமியும்

புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு பெல்த்தியே, கவாந்தூ என்ற பெயர்கள் நினைவிருக்கலாம். 1820-ல் பாரிஸில் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரித்தெடுத்த மருந்தாளர்கள். அதற்கு முன்பு மலேரியாவுக்குப் பட்டையை இடித்துப் பொடியாகத்தான் கொடுத்தார்கள். வேறு பட்டையைக் கலந்து விற்றவர்களும் உண்டு. எந்தப் பொடியில் எவ்வளவு சத்து என்று தெரியாது. கொய்னா வந்த பிறகே அளவு பார்த்துக் கொடுக்க முடிந்தது.

அந்த அளவு குறைந்தால் என்ன ஆகும்? பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-லேயே தம் நோபல் உரையில் எச்சரித்தார். குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாது. மருந்தைத் தாங்கப் பழக்கிவிடும். பழகிய கிருமி அடுத்தவருக்கும் தொற்றும்.

அவர் சொன்னது பிற்பாடு இந்தோசீனாவில் நடந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் உத்தியோகத்துக்காக சைகோன் போனவர்கள் என்பதால் அந்தப் பக்கத்துச் செய்தியை நான் விடாமல் படிப்பேன்.

அங்கே மலேரியாவுக்குக் கொய்னாவும் குளோரோகுயினும் சரிவர வேலை செய்யாமல் போனபோது கைகொடுத்தது அர்ட்டிசுனேட். சீன மூலிகை ஒன்றிலிருந்து வந்தது. அந்த மூல மருந்தைக் கண்டறிந்த தூ யூயூ அம்மையார் 2015-ல் நோபல் பரிசு பெற்றார். மருந்து நன்றாக விற்கவே போலியும் வந்தது. அட்டையில் ஒட்டும் ஹோலோகிராமைக்கூட விதவிதமாகப் போலியாக அச்சடித்தார்கள்.

வியட்நாம், கம்போடியா, லாவோஸ், மியான்மர் பகுதிகளில் திரட்டிய 391 மாதிரிகளைச் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். 195 போலி. சிலவற்றில் காய்ச்சலை மட்டும் தணிக்கும் பாராசிட்டமால் இருந்தது. நோயாளி குணமாகிவிட்டதாக நம்புவார், கிருமி உள்ளேயே இருக்கும். இன்னும் சிலவற்றில் 50 மில்லிகிராம் இருக்கவேண்டிய இடத்தில் 12 மில்லிகிராம் வரை அசல் மருந்தே இருந்தது. சோதனையில் தப்பிக்க இந்தக் கொஞ்சம் உதவும்.

மருந்தே இல்லாத மாத்திரையால் ஒரு நோயாளி சாகலாம். கொஞ்சம் மருந்துள்ள மாத்திரையோ கிருமியைப் பழக்கி, எல்லோருக்குமான அசல் மருந்தையே கெடுத்துவிடும். 2008, 2009-ல் மேற்குக் கம்போடியாவில் அர்ட்டிசுனேட்டுக்கு மலேரியாக் கிருமி மெதுவாகவே அடங்குகிறது என்று தெரியவந்தது. போலி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கூட்டு மருந்தாகக் கொடுக்காமல் அதைத் தனியாகவே கொடுத்ததும், பாதியில் நிறுத்தியதும் சேர்ந்துகொண்டன.

நம் நாட்டில் 2023 ஆகஸ்ட் முதல் 300 பிராண்டு மருந்துகளுக்கு க்யூஆர் கோடு கட்டாயம். பேரப்பிள்ளைகளிடம் கொடுத்து போனில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கடையில் ரசீது கேட்டு வாங்குங்கள். டாக்டர் சொன்ன அளவையும் நாளையும் நாமாகக் குறைக்க வேண்டாம். குறைத்தால் அசல் மாத்திரையும் அந்த 12 மில்லிகிராம் மாத்திரை மாதிரிதான்.