தேயிலைத் தீவா, கரும்புத் தீவா? - இரண்டு கோல்ப் தீவுகளின் கதை

இந்து சமுத்திரத்தின் பக்கமாகக் கோல்ப் விளையாடச் செல்ல விரும்புவோருக்குப் பயண முகவர்கள் வழமையாக முன்வைக்கும் பெயர்களில் இரண்டு, மொரீசியஸும் இலங்கையும் ஆகும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் எம்மவர்களிலும் இவ்விளையாட்டில் ஈடுபாடு கொண்டோர் இன்று இருக்கின்றனர். எத்தீவுக்குச் செல்வது என்ற கேள்விக்கு ஹோட்டல் கட்டணத்தையும் மழைக்காலத்தையும் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கேட்பவர் தமிழராயின் அந்தப் பதில் முழுமை பெறாது. இவ்விரு தீவுகளிலும் பிரித்தானியப் பெருந்தோட்டப் பொருளாதாரத்தைச் சுமந்தவர்களில் எமது மூதாதையரும் அடங்குவர். கோல்ப் விளையாட்டு அப்பொருளாதாரத்தின் நிழலிலேயே இங்கு வேரூன்றியது.

முதலில் இலங்கையைப் பார்ப்போம். கொழும்பு கோல்ப் கழகம் 1879 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. அதன் முதலாவது ஆடுகளம் காலிமுகத்திடல். அங்கு நெருக்கடி மிகுந்தபோது, 1896 இல் கழகம் பொரளைக்கு இடம்பெயர்ந்தது. அப்போதைய தேசாதிபதி சேர் ஜோசப் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயரே புதிய மைதானத்துக்குச் சூட்டப்பட்டது. 1928 இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் 'ரோயல்' என்ற அடைமொழியை வழங்கினார். களனிவெளிப் புகையிரதப் பாதை இம்மைதானத்தின் ஊடாகச் செல்கின்றது. வண்டி கடக்கும்வரை மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருக்கும் அனுபவம் உலகின் வேறு பல மைதானங்களில் கிடைக்காது.

மலைநாட்டின் கதை வேறு. நுவரெலியா கோல்ப் கழகம் 1889 இல் தோன்றியது. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கும் மேலான உயரத்தில், பிரித்தானியர் தமது நாட்டின் குளிரைத் தேடிச் சென்ற இடத்தில், அந்த மைதானம் அமைந்தது. காலத்தைக் கவனியுங்கள். 1869 இல் பரவத் தொடங்கிய இலை நோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்ட தேயிலை அந்த வெற்றிடத்தை நிரப்பியது. 1885 இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. நான்கு ஆண்டுகளில் கோல்ப் வந்தது. கோப்பி, தேயிலைத் துரைமாரில் கணிசமானோர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். அவர்கள் சென்ற இடமெங்கும் தமது விளையாட்டையும் கொண்டு சென்றதில் வியப்பில்லை.

இம்மைதானத்தின் எல்லைக்குள் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கின்றது. 1845 இல் மின்னல் தாக்கி உயிரிழந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் அங்கு புதைக்கப்பட்டார். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றவர் என்று சொல்லப்படுபவர் அவர். யானைகளுக்குப் பரிகாரமாகவே இடி விழுந்தது என்ற பேச்சு மலைநாட்டில் இன்றும் உண்டு. ரொஜர்ஸின் பெயர் கல்லில் இருக்கின்றது. அதே காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாக மலையேறும்போது வாந்திபேதியாலும் பசியாலும் மடிந்து, வழியோரத்தில் விடப்பட்ட கூலித் தொழிலாளர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

இனி மொரீசியஸ். ஒல்லாந்தர் கைவிட்ட அத்தீவை 1715 இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். தேசாதிபதி லாபூர்தொனேயின் காலத்தில், 1730களில், புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கு கொண்டு செல்லப்பட்டனர். போர்ட் லூயிஸ் துறைமுக நகரை எழுப்பியதில் அவர்களுக்குப் பங்குண்டு. 1810 இல் தீவு பிரித்தானியரிடம் வீழ்ந்தது. 1835 இல் அங்கு அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ 5 இலட்சம் இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக அங்கு இறக்கப்பட்டனர். பெரும்பான்மையினர் பீகார்ப் பகுதியினர். சென்னைத் துறைமுகத்தின் ஊடாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் கணிசமானோர். அவர்கள் கரையேறிய அப்பிரவாசி காட் 2006 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இரு தீவுகளையும் இணைக்கும் இன்னொரு நூலும் உண்டு. 1815 இல் கண்டி இராச்சியம் வீழ்வதற்குப் பிரித்தானியருக்குத் துணைநின்ற எகலப்பொல அதிகாரம், பின்னர் அவர்களாலேயே சந்தேகிக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். 1825 இல் அவர் நாடு கடத்தப்பட்ட இடம் மொரீசியஸ். 1829 இல் அங்கேயே மரணமானார். ஏகாதிபத்தியத்துக்குத் தீவுகள் எவ்வளவு வசதியான சிறைகளாக இருந்தன என்பதற்கு இது ஒரு சான்று.

மொரீசியஸிலும் வாகோவாவில் பிரித்தானியப் படை அதிகாரிகளின் ஜிம்கானா கழகம் பழைமையானதுதான். ஆயினும் இன்று உல்லாசப் பயணிகள் நாடும் மைதானங்கள் அண்மைக்காலத்தவை. பெல் மார் கடற்கரையின் லெஜன்ட் மைதானம் 1990களுக்கும், பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்ததும் படகில் சென்று சேரவேண்டியதுமான இல் ஓ செர்ப் மைதானம் 2003 ஆம் ஆண்டுக்கும் உரியவை. எர்னி எல்ஸின் அனாகிற்றா 2008 இல் திறக்கப்பட்டது.

இவ்வளவு மைதானங்கள் குறுகிய காலத்தில் எழுந்ததற்கான காரணம் கரும்பின் வீழ்ச்சி. 1975 முதல் ஐரோப்பியச் சந்தையில் மொரீசியஸ் சர்க்கரைக்கு உத்தரவாத விலை கிடைத்து வந்தது. அந்த விலையை 36 வீதத்தால் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் தீர்மானித்தது. அதற்கு முன்னரே, வரவிருப்பதை உணர்ந்த அரசாங்கம் 2002 இல் ஒரு திட்டத்தை அறிமுகம் செய்திருந்தது. வெளிநாட்டவர்கள் மாளிகைகளை விலைக்கு வாங்கலாம். அவற்றைச் சுற்றிக் கோல்ப் மைதானம் முதலிய வசதிகள் இருக்கும். நிலத்தில் பெரும்பகுதி சர்க்கரைக் கம்பனிகளிடம் இருந்தது. கரும்பு நின்ற இடங்களிற் புல் வளர்ந்தது. தென்கரையிலுள்ள பெல் ஒம்ப்ரே ஒரு காலத்தில் அடிமைகளின் உழைப்பில் ஓங்கிய சர்க்கரைத் தோட்டம். இன்று அங்கு சர்வதேசப் போட்டிகள் நடக்கின்றன. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்திருந்த லெ மோர்ன் மலையின் அடிவாரத்திலும் ஒரு ஹோட்டலின் கோல்ப் மைதானம் உண்டு.

இலங்கையிலும் புதியவை இல்லாமலில்லை. கண்டிக்கு அருகே திகனவில் விக்டோரியா மைதானம் 1999 இலும், அம்பாந்தோட்டையில் கடலோர மைதானம் 2016 இலும் திறக்கப்பட்டன. 1985 இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. அந்த நீர்ப்பரப்பே இன்று திகன மைதானத்துக்கு அழகூட்டுகின்றது. இவற்றோடு சீனன்குடாவில் விமானப்படையினரின் மைதானத்தையும் சேர்த்தாலும் இலங்கையின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடியதே.

இந்த இரு தீவுகளிலும் உழைத்தவர்களின் வழிவந்தோருக்கு என்ன நேர்ந்தது? இங்குதான் வரலாறு இரண்டு எதிர்த் திசைகளிற் செல்கின்றது.

1948 ஓகஸ்ட் மாதத்தில் மொரீசியஸில் பொதுத் தேர்தல் நடந்தது. முந்தைய ஆண்டின் அரசியலமைப்பு, தீவில் வழங்கும் மொழிகளில் ஏதேனும் ஒன்றை எளிமையாக எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கும் வாக்குரிமை வழங்கியிருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் முதன்முறையாகப் பெருந்தொகையில் வாக்களித்தனர். அதே ஓகஸ்டில் கொழும்பில் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டமூலம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1931 முதல் வாக்களித்து வந்த மலையகத் தமிழரிற் பெரும்பாலானோர் அதனால் நாடற்றவர்களாயினர். 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சியோரின் கணக்கு 1974 வரை இழுபட்டது.

உரிமையில் மொரீசியஸ் முந்தியது. மொழியில் நிலைமை தலைகீழ். மொரீசியஸ் தமிழர் தைப்பூசக் காவடிக்குப் பொது விடுமுறை பெற்றுள்ளனர். அந்நாட்டு நாணயத் தாளில் தமிழ் எழுத்து உண்டு. 1998 இல் புதிய தாள்களில் தமிழ் இந்திக்குப் பின் தள்ளப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில் அத்தாள்களே மீளப்பெறப்பட்டன. ஆனால் அப்போராட்டத்தை நடத்திய சமூகத்தின் வீட்டுமொழி பெரும்பாலும் கிரியோல். கடல் வெகுதூரம், ஊருக்குப் போய்வர வாய்ப்பு அரிது, பிற மொழியினரோடு கலந்த தோட்ட வாழ்க்கை. மலையகத்திலோ கங்காணியின் கீழ் உறவும் ஊருமாக வந்தவர்கள், லயங்களில் ஒன்றாக வாழ்ந்து, ஒரு சிறு நீரிணைக்கு அப்பால் இருந்த ஊரோடு தொடர்பையும் பேணினர். எல்லாம் பறிக்கப்பட்டபோதும் மொழி மட்டும் அவர்களிடம் தங்கியது.

ஆகவே எத்தீவு? கோல்ப் ஒன்றே நோக்கமெனின், ஒரு வாரத்தில் நாளுக்கொரு மைதானம் ஆடவேண்டுமெனின், மொரீசியஸே ஏற்றது. ஜனவரி முதல் மார்ச் வரையான சூறாவளிக் காலத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். போர்ட் லூயிஸில் அப்பிரவாசி காட்டின் கற்படிகளுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அப்படிகளில் ஏறியவர்களின் பெயர்களுள் உங்கள் ஊர்ப் பெயர்களும் இருக்கக்கூடும்.

என்னைக் கேட்டால் நான் நுவரெலியாவையே சொல்வேன். மைதானங்கள் குறைவு, மூடுபனி இறங்கினால் பந்து கண்ணுக்குத் தெரியாது, மே மாதத்துக்குப் பின் தென்மேற்குப் பருவமழை வேறு. ஆனால் ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் சந்தையிலும் தெருவிலும் தமிழ் கேட்கும். அதைப் பேசுவோரின் முன்னோர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023 இல் நினைவுகூர்ந்தனர். இன்னமும் அவர்களிற் பலருக்குத் தாம் குடியிருக்கும் லயத்தின் நிலம் சொந்தமில்லை. பதினெட்டுக் குழிகளுக்கு அரை நாளைச் செலவிடுபவர், மீதி அரை நாளில் அருகிலுள்ள தோட்டமொன்றுக்கும் சென்று அம்மக்களோடு பேசிவிட்டு வரலாம். அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.