இலைக்கு முன்னால் உட்கார்ந்தவள்

அம்மா முதன்முதலாக ஓட்டலில் முழுச் சாப்பாடு சாப்பிட்டது 1988இல், திருச்சியில். பெரியாஸ்பத்திரியில் இருந்த அத்தையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போது, பேருந்துக்கு நேரம் இருந்ததால், சத்திரம் பேருந்து நிலையத்தின் பக்கம் இருந்த சைவ ஓட்டல் ஒன்றுக்கு அப்பா எங்களைக் கூட்டிப்போனார். இலை போட்டார்கள். உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு, அப்பளம் என்று வரிசையாக வந்தன. பரிமாறுபவர் சாதத்தோடு மறுபடி வந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை, அப்பாவைப் பார்த்தார். அந்தச் சாம்பாரின் ருசி எப்படி இருந்தது என்று பின்னாளில் கேட்டால் அவருக்கு நினைவில்லை. "எனக்கும் கேட்டுக் கேட்டுப் போட்டாங்கடி" என்பது மட்டும் நினைவிருந்தது.

வீட்டில் அம்மாவிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் பரிமாறி முடித்து, ரசத்தில் வண்டலும் கூட்டில் வழித்தெடுக்கும் அளவும் மீந்திருக்கும் நேரத்தில், மூன்று மணிக்கு மேல் அவர் தட்டு வைத்துக்கொள்வார். ஓட்டல் சாப்பாட்டின் வரலாற்றை எழுதுபவர்கள் சாதியிலிருந்து தொடங்குகிறார்கள். அது சரிதான். அந்தத் தட்டிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஓட்டலுக்கு முன்னால் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டவை சத்திரங்கள். தஞ்சை மராட்டிய மன்னர்கள் நடத்திய சத்திரங்களில் பல பெண்களின் பெயரைத் தாங்கியவை: நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம். சத்திரத்துச் சோறு தர்மம். சோற்றை விலைக்கு விற்பதைப் பாவம் என்று கருதிய சமூகம் இது. ரயிலும் கச்சேரி உத்தியோகமும் கல்லூரியும் வந்து, ஆண்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு நகரத்தில் தனியாகத் தங்க நேர்ந்தபோதுதான் அந்தப் பாவம் தொழிலாக மாறியது. வீட்டில் பெண் கூலியில்லாமல் செய்த வேலைக்கு நகரத்தில் விலை கிடைத்தது. அந்த விலையைப் பெற்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

சென்னையின் உடுப்பி ஓட்டல்கள் இதற்கு நல்ல உதாரணம். தென் கன்னடப் பகுதியிலிருந்து வந்து சமையற்கட்டில் எடுபிடி வேலையில் தொடங்கிய கே. கிருஷ்ணாராவ், 1927இல் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ், 1938இல் உட்லண்ட்ஸ் என்று ஓட்டல்களை நிறுவினார். சமைத்தவரும் பரிமாறியவரும் கல்லாவில் உட்கார்ந்தவரும் ஆண்கள். வீட்டில் 'பொம்பளை வேலை'யாக இருந்த சமையல், சம்பளம் என்று வந்ததும் ஆண்களின் தொழிலானது. அதில் யாருக்கும் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்த ஓட்டல்களின் வாசலில் சாதி நின்றது. 'பிராமணாள்' என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் எழுதினார்கள். பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று பிரித்த கடைகள் இருந்தன. தலித்துகளை உள்ளேயே விடாத கடைகளும் இருந்தன. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் இந்தப் பிரிவினை நடந்தது. சுயமரியாதை இயக்கம் இதை விடாமல் எதிர்த்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் பெரியார் தொடங்கிய மறியலில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். மாதக்கணக்கில் நீடித்த அந்தப் போராட்டம், 1958இல் பலகையிலிருந்து 'பிராமணாள்' நீங்கியபோதுதான் முடிந்தது.

அதற்கு முன்பே, 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் நுழைவதற்கு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் எவரையும் தடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. வகுப்பில் இதைப் படிக்கும்போது மாணவிகள் 'சாதி' என்ற சொல்லில் நிற்பார்கள். நான் அவர்களை 'பால்' என்ற சொல்லில் நிறுத்துவேன். பெண்ணைத் தடுக்கும் பலகை எந்த ஓட்டலில் இருந்தது? பலகை தேவைப்படவில்லை, அதுதான் பதில். கணவனோ மகனோ கூட்டிப்போகாத பெண் ஓட்டல் வாசலுக்கே வரமாட்டாள் என்பதை வீடு பார்த்துக்கொண்டது. பலகை இல்லாததால், மறியல் செய்து அகற்றவும் எதுவும் இல்லை.

அவள் வரத் தொடங்கியபோது ஓட்டல் அவளுக்குத் தந்தது 'பேமிலி ரூம்'. மரத் தடுப்பு, சாயம் போன திரைச்சீலை, காற்று வராத மூலை. நடுக்கூடத்தில் சாப்பிடும் ஆண்களின் பார்வையிலிருந்து அவளைக் காப்பாற்றும் ஏற்பாடு என்று அதைச் சொன்னார்கள். பார்ப்பவரைத் திருத்துவதைவிடப் பார்க்கப்படுபவரைத் திரைக்குப் பின்னால் தள்ளுவது எளிது.

இதிலும் சைவ ஓட்டலுக்கே முதல் அனுமதி. அசைவம் போட்ட 'மிலிட்டரி ஓட்ட'லுக்குக் குடும்பப் பெண் போகலாமா என்ற கேள்விகூட எழவில்லை. சைவ ஓட்டல் 'கௌரவமான இடம்'. அந்தக் கௌரவம் எங்கிருந்து வந்தது? யார் சமைத்தது, யார் தொட்டது என்று பார்க்கும் அதே சுத்தத்திலிருந்துதான். சமையற்கட்டைக் காத்த தீட்டுதான் பெண்ணின் 'மானத்தை'யும் காத்தது. 'பிராமணாள்' போன இடத்தில் 'உயர்தர சைவ உணவகம்' வந்தது. சைவம் என்பதற்கு முன்னால் 'உயர்தர' என்ற அடையை ஒட்டவைத்தது எது என்று தமிழ் படிப்பவர்கள் யோசிக்க வேண்டும். எங்களைப் போன்ற பெண்களுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடும் சுதந்திரம் இந்தச் சொல்லின் வழியாகத்தான் கிடைத்தது. அந்த இலையில் சாதியும் சேர்த்தே பரிமாறப்பட்டது என்பதை மறந்துவிட்டு அதைக் கொண்டாட என்னால் முடியாது.

முனைவர் பட்ட ஆய்வுக்காக நூலகங்களுக்கு அலைந்த நாட்களில் தனியாகச் சாப்பிடப் பழகினேன். ஓர் ஊரில் ஓர் ஓட்டலில் நடுக்கூடத்து மேசையில் உட்கார்ந்தேன். "கூட யாரும் வரலையா? பேமிலி ரூமுக்குப் போங்க" என்றார்கள். "நான் ஒரு ஆள்தான்" என்றேன். "அதனாலதான் சொல்றேன்" என்றார் அவர். ஒற்றைப் பெண் குடும்பமாக இல்லாததே அவளைக் குடும்ப அறைக்கு அனுப்பக் காரணம்! எழவில்லை, அங்கேயே சாப்பிட்டேன். கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

சமையலைச் சம்பளமாக்கிக்கொண்ட பெண்களும் உண்டு. கணவனை இழந்து, வீட்டுத் திண்ணையில் நாலு பேருக்கு இலை போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களை எல்லா ஊரும் அறியும். 'மாமி மெஸ்', 'அக்கா மெஸ்' என்று உறவுமுறை நிற்கும். அவர்கள் சொந்தப் பெயர் பலகையில் இருக்காது. 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில் மகளிர் சுய உதவிக்குழுப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். பெண்ணின் சமையல் கூலி வேலையாக அரசுக் கணக்கில் ஏறியது சிறிய விஷயம் அல்ல. ஆனால் அங்கும் பலகையில் நின்றது 'அம்மா' என்ற உறவுதான்.

போன வருடம், நான் வழக்கமாகச் சாப்பிடும் ஒரு மெஸ்ஸில் இலை எடுக்கும் அக்காவிடம் பேச்சுக்கொடுத்தேன். சமைப்பவர் வேறு, பரிமாறுபவர் வேறு. எச்சில் இலையை எடுத்து மேசையைத் துடைப்பது இவர் வேலை. எனக்கு முன்னால் யார் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தாலும் அந்த இலையை எடுத்தவர் இவர். எந்தச் சாதிப் பெண்களுக்கு இந்த வேலை ஒதுக்கப்படுகிறது என்பது கேட்காமலே தெரியும்.

"நீங்க எப்பக்கா சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன்.

"பந்தி முடிஞ்சு மூணு, மூணரை ஆகும்மா. மிச்சம் இருக்கறதப் பாத்து."

"உட்கார்ந்தா?"

அவர் சிரித்தார். பின்பக்கம் குழாயடியில் கவிழ்த்து வைத்திருந்த வாளியைக் காட்டினார்.

மூன்றரை மணி. அம்மா தட்டு வைத்துக்கொண்ட அதே நேரம். இடையில் போராட்டங்கள் நடந்தன, சட்டம் வந்தது, நான் நடுக்கூடத்தில் உட்கார்ந்து இரண்டாவது முறை சாதம் கேட்கிறேன். அந்த அக்காவிடம் யாராவது, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களாம்மா?" என்று கேட்கும்வரை இந்த வரலாற்றை முடிந்ததாக என்னால் எழுத முடியாது.