விடுபட்ட ஓர் எண்

சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து தெற்கே நாமக்கல், தென்மேற்கே ஈரோடு. இரண்டும் ஓரிரு மணி பஸ் பயணம். 1887 டிசம்பர் 22இல் ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். அவர் கனவில் சூத்திரம் சொன்னதாகக் கூறப்படும் நாமகிரித் தாயார் நாமக்கல்லில். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அவரைப் பற்றிய ஐதீகம் போதுமானதாக இருக்கிறது. அவர் போட்ட கணக்கைப் பற்றிப் பேச்சில்லை.

1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்த அவருடைய நீண்ட கட்டுரை ஒருவகை எண்களைப் பற்றியது. ஓர் எண்ணை மீதியின்றி வகுப்பவை அதன் வகுத்திகள். தன்னிலும் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் உடைய எண்ணை மீப்பகு எண் எனலாம். 12க்கு ஆறு வகுத்திகள். அதற்குக் கீழே எதற்கும் நான்குக்கு மேல் இல்லை. அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி என்று வைத்ததில் இந்த வசதி இருந்தது.

இவ்வெண்களைப் பகா எண்களாகப் பிரித்தால், சிறிய பகா எண்ணைவிடப் பெரியது அதிக முறை வராது. 4, 36 தவிர மற்றவற்றில் கடைசிப் பகா எண் ஒரே முறைதான் வரும். இதையெல்லாம் நிரூபித்துவிட்டு, 6746328388800 வரை ஓர் அட்டவணையும் போட்டார். நூற்றுச்சொச்சம் எண்கள். அதில் ஒன்று விடுபட்டுவிட்டது: 293318625600.

இதில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. ஒவ்வொரு முறைக்கணக்கோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் தொகை கிடைக்கும். 7×5×3×3×2×2×2×2, அதாவது 5040. வேடிக்கை என்னவென்றால், அட்டவணையின் கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் வருவது இந்த எண்ணேதான். 23ஐச் சேர்த்த உருவம் தாளில் இருக்கிறது. சேர்க்காத உருவம் இல்லை.

எனக்கு இந்த விடுபடல் கனவுக் கதைகளைவிட முக்கியமாகப் படுகிறது. தாயார் சொல்லச்சொல்ல எழுதியவன் வரி விடமாட்டான். பெருக்கி, ஒப்பிட்டு, வரிசைப்படுத்தி, மறுபடி பெருக்கியவனின் தடயம் இது. 1916இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்ததும் இந்த உழைப்புக்குத்தான். கட்டுரையின் மிச்சப் பகுதியை அச்சிடச் சங்கத்திடம் அப்போது பணமில்லை, யுத்தகாலம். அது 1988இல் கையெழுத்துப் பிரதியாகவும் 1997இல் குறிப்புகளோடும் வெளிவந்தது.

5040ம் மீப்பகு எண்தான். பிளேட்டோ 'சட்டங்கள்' நூலில் தன் லட்சிய நகரத்துக்கு வைத்த குடும்பத் தொகை அது. அதன் வகுத்திகள் 60. அறுபதின் வகுத்திகள் 12. மூன்றுமே மீப்பகு எண்கள். ஓர் எண்ணின் வகுத்தித் தொகைக்கே எத்தனை வகுத்திகள் இருக்க முடியும் என்ற கேள்வியையும் அதே 1915 கட்டுரையில் ராமானுஜன் எழுப்பியிருந்தார். அதன் உச்ச அளவு 2012இல்தான் தீர்மானமாயிற்று. அந்தக் கேள்விக்கு இவ்வளவு பொருத்தமான எண் அவர் அட்டவணையில் இல்லை.