எந்தப் பரீட்சை? யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கடந்து வந்த கதை

 

"சேர், பிள்ளைக்கு எது நல்லது? கணிதமா, உயிரியலா, கலையா? இல்லாட்டி காசைக் கட்டி லண்டன் உயர்தரம் எடுக்க விடுறதா?" சாதாரண தரப் பெறுபேறு வரும் நாட்களில் என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. எங்கள் பூட்டன்மார் காலத்திலும் இதே கேள்வி இருந்தது. அவர்கள் எந்தப் பரீட்சையைத் தெரிவு செய்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்று தெரிந்தால் எங்கள் தெரிவும் கொஞ்சம் தெளியும். நீளமான பதிவுதான். ஆறுதலாக வாசியுங்கள்.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது. படித்த பிள்ளைகள் ஊழியத்துக்கு வராமல் உத்தியோகத்துக்கு ஓடுகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இரண்டு வருடத்தில், 1857இல், இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று பல்கலைக்கழகங்கள் தோன்றின. செமினரியில் படித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் கடல் கடந்து போய் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். இலங்கையில் பல்கலைக்கழகம் வர இன்னும் 85 வருடம் இருந்தது.

அதுவரைக்கும் எங்கள் பிள்ளைகள் எழுதியதெல்லாம் வேறு நாட்டார் நடத்திய பரீட்சைகளைத்தான். 1872இல் தொடங்கிய யாழ்ப்பாணக் கல்லூரி கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து மாணவரை அதன் பரீட்சைகளுக்கு ஆயத்தம் செய்தது. 1880இல் கேம்பிரிட்ஜ் பரீட்சை இலங்கைக்கு வந்தது. 1882இல் லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகள் வந்தன. ஒரே ஊரில் ஒரு பிள்ளை கல்கத்தாவுக்கும், அடுத்த வீட்டுப் பிள்ளை கேம்பிரிட்ஜுக்கும் படித்த காலம் அது.

எதை எடுப்பது என்பதை அது எங்கே கொண்டு போய் விடும் என்பதே தீர்மானித்தது. இந்தியப் பட்டம் வேண்டுமென்றால் கல்கத்தா அல்லது சென்னை. கேம்பிரிட்ஜ் சீனியர் சான்றிதழ் கையில் இருந்தால் இங்கே கச்சேரியில் கிளாக்கர் வேலை, இல்லாவிட்டால் கப்பலேறி மலாயா. லண்டன் மெற்றிக்குலேசன் சித்தியடைந்தால் லண்டன் பட்டத்துக்குப் பதியலாம். பிறகு 1904இல் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் வந்து, எந்தப் பல்கலைக்கழகம் எந்த எல்லைக்குள் இயங்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அங்கத்தைய அரசாங்கத்துக்குக் கொடுத்தது. கல்கத்தாவோடு எங்களுக்கிருந்த தொடர்பு அறுந்தது. எங்கோ போட்ட சட்டம் வட்டுக்கோட்டைப் பிள்ளையின் வழியை மாற்றியது. கேம்பிரிட்ஜும் லண்டனும்தான் மிஞ்சின.

இதற்கு ஒரு விலை இருந்தது. வினாத்தாள் இங்கிலாந்தில் தயாராகும், விடைத்தாள் கப்பலில் போகும். பிள்ளை இங்கிலாந்து அரசர்களின் பட்டியலைப் பாடமாக்கியது, லத்தீன் படித்தது, தன் ஊர்ச் சரித்திரம் படிக்கவில்லை. பொன்னம்பலம் அருணாசலம் போன்றவர்கள் 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தைத் தொடங்கி, எங்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்டார்கள். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது, ஆனால் பட்டம் லண்டனுடையது. சொந்தப் பல்கலைக்கழகம் 1942இல்தான் வந்தது.

இன்னொரு விலையும் இருந்தது. அந்தப் பரீட்சைகளை எழுத ஆங்கிலம் வேண்டும், ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குக் காசு வேண்டும். கரையோரத்தில் வலை இழுக்கும் குடும்பத்துக்கு அது எட்டாத தூரம். அதற்கு மேலே சாதி. வகுப்பில் சம ஆசனம் கிடைக்கவே 1920களின் கடைசியில் போராட வேண்டியிருந்தது. எங்கள் முஸ்லிம் சமூகத்திலோ, மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் பிள்ளையின் மார்க்கம் போய்விடும் என்ற பயம். நியாயமான பயம்தான், ஆனால் பிந்திப் போனோம். அந்தப் பிந்தலை உடைத்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்து, பல்கலைக்கழகக் கல்லூரி ஊடாக லண்டன் சரித்திரப் பட்டம் பெற்று, 1935இல் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் ஆனார். மார்க்கத்தையும் விடவில்லை, பரீட்சையையும் விடவில்லை. 1945இல் வறிய முஸ்லிம் மாணவருக்காக ஒரு புலமைப்பரிசில் நிதியத்தையும் ஆரம்பித்தார்.

அதே 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பிறகு தாய்மொழியில் படிப்பு வந்தது. கடைசியில் எல்லோருக்கும் ஒரே பரீட்சை: ஜீ.சீ.ஈ. உயர்தரம். இனி எதைத் தெரிவு செய்வது என்ற கேள்வியே இல்லை என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கேள்வி இடம் மாறியது. எந்தப் பரீட்சை என்பது போய், எந்த மொழியில், எந்த மாவட்டத்தில் எழுதினாய் என்பது வந்தது.

1971 அனுமதியில் பேராதனைப் பொறியியலுக்கு 400க்குச் சிங்கள மொழிமூலம் 227 புள்ளி போதும், தமிழ் மொழிமூலம் 250 வேண்டும். மருத்துவத்துக்கு 229, 250. தமிழில் எழுதிய முஸ்லிம் பிள்ளைக்கும் அதே 250தான். இந்தத் தரப்படுத்தல் எங்கள் வரலாற்றையே திருப்பிப் போட்டது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இதைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்ல வேண்டும். மொழி பார்த்துப் புள்ளியை மாற்றியது அநியாயம். மாவட்டம் பார்ப்பது வேறு விஷயம். யாழ்ப்பாணத்துக்கு அது பலத்த அடி. ஆனால் ஆய்வுகூடமே காணாத பின்தங்கிய மாவட்டப் பிள்ளைக்கு அதே ஒதுக்கீடு கதவைத் திறந்தது. கல்கத்தாக் காலத்தில் மயிலிட்டிக் கரையில் நின்ற பிள்ளையை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

பிறகு 1990. ஜூனில் மயிலிட்டி இடம்பெயர்ந்தது. ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். ஒரே வருடத்தில் இரண்டு சமூகமும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போனது. உங்கள் பிள்ளைகள் நலன்புரி முகாம்களில் இருந்தும், எங்கள் பிள்ளைகள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்தும் உயர்தரம் எழுதினார்கள். 2017 ஜூலையில் துறைமுகம் விடுபடும் வரை 27 வருடம். ஒரு காலத்தில் முன்னேறியது என்று பார்க்கப்பட்ட யாழ்ப்பாணம் இன்று பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பழையவர்கள் பரீட்சையின் பெயரைப் பார்க்கவில்லை, அது எந்தக் கதவைத் திறக்கும் என்று பார்த்தார்கள். நாங்களும் அதைத்தான் பார்க்க வேண்டும்.

லண்டன் உயர்தரத்துக்கு இசட் புள்ளி கிடையாது. அரச பல்கலைக்கழகங்களின் வழமையான அனுமதிக்கு அது உதவாது. வெளிநாட்டிலோ தனியாரிலோ படிப்பிக்க வசதி இருந்தால் மட்டும் யோசியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மாமா காசு அனுப்புகிறார் என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம்.

2001இல் இருந்து அனுமதி இசட் புள்ளியில் நடக்கிறது. ஒரு பாடத்தில் மற்றவர்களோடு ஒப்பிட்டு உங்கள் பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. ஆகவே "லேசான பாடம்" என்று ஒன்று இல்லை. எல்லோருக்கும் லேசு என்றால் உங்கள் பிள்ளைக்கு அதில் இலாபம் இல்லை. பிள்ளை உண்மையாக விரும்பிப் படிக்கும் பாடத்தில்தான் முன்னுக்கு நிற்கும்.

மருத்துவம், பொறியியல் தவிர வேறு கதவே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். றுகுணு பல்கலைக்கழகத்தில் மீன்பிடிக்கும் கடல் விஞ்ஞானத்துக்கும் ஒரு பீடமே இருக்கிறது. கடலைத் தெரிந்த மயிலிட்டிப் பிள்ளை அங்கே ஏன் போகக்கூடாது?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலையும், யாழ் மாவட்டத்தின் கடந்த 3 வருட வெட்டுப்புள்ளிகளையும் பிள்ளையோடு இருந்து பாருங்கள். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு பிரிவைத் தெரிவு செய்யுங்கள். விளங்காத இடம் இருந்தால் இந்தப் பதிவின் கீழ் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.