பேரருட்திரு பட்டமும் ஊதாக் கச்சையும்

கத்தோலிக்கத் திரு அவையில் திருப்பட்டங்கள் திருத்தொண்டர், குரு, ஆயர் என மூன்றே. மொன்சிஞ்ஞோர் எனவும் தமிழில் பேரருட்திரு எனவும் வழங்கும் சிறப்பு அவற்றுள் அடங்காது. ஆயரின் பரிந்துரையை ஏற்று மறைமாவட்டக் குரு ஒருவருக்குத் திருத்தந்தை அளிக்கும் மதிப்பு அது. பெற்றவருக்கு அதனால் புதிய பொறுப்போ ஆட்சியுரிமையோ சேர்வதில்லை. அதிகாரத்தால் வேறுபடாதவர்களை உடையால் வேறுபடுத்த வேண்டியிருந்ததால், இப்பட்டத்தின் வரலாற்றில் துணிக்கும் நிறத்துக்கும் பெரிய இடம் உண்டு.

இதன் வேர் திருத்தந்தையின் இல்லப் பணிகளில் உள்ளது. இவ்வரிசையில் உயர்ந்தவர்களான திருப்பீடத் தலைமை எழுத்தர்கள், தொடக்ககால உரோமையின் 7 வட்டார எழுத்தர்களின் வழிவந்தோராகக் கருதப்பட்டனர். அவர்களின் எண்ணிக்கையைத் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1585இல் 12 ஆக உயர்த்த, பதினாறாம் கிரகோரி 1838இல் மீண்டும் 7 ஆக்கினார். இவர்கள் ஆவணம் எழுதிய உண்மையான அலுவலர்கள். உரோமையில் பணியே செய்யாத தொலைநாட்டுக் குருக்களுக்கும் இத்தகைய பெயர்கள் மதிப்பின்பொருட்டு வழங்கப்பட்டபோதுதான் படிகள் பெருகின. 1905இல் பத்தாம் பத்திநாதர் தலைமை எழுத்தரை மட்டுமே நான்கு வகையினராகப் பிரித்து, ஒவ்வொரு வகையினரும் எதை அணியலாம், எந்த வழிபாட்டில் அணியலாம் என நுணுக்கமாக வரையறுக்க வேண்டியிருந்தது. கீழ்ப்படியில் இருந்த அந்தரங்க அறைப்பணியாளர் பட்டமோ, வழங்கிய திருத்தந்தை இறந்ததும் காலாவதியாயிற்று. அடுத்தவர் புதுப்பித்தாலன்றி, அக்குரு ஊதா அங்கியைக் களைந்து பழைய கறுப்பு அங்கிக்கே திரும்ப வேண்டும். ஒரு மனிதரின் ஆயுளோடு கட்டுண்ட இந்த ஏற்பாடு, பட்டம் குருவின் பணிக்கு உரியதன்று, அரசவையின் தயவுக்கே உரியது என்பதை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் ஆறாம் பவுல் 1968 மார்ச் 28இல் வெளியிட்ட ஆணை, இப்படிகளைத் திருப்பீடத் தலைமை எழுத்தர், திருத்தந்தையின் மதிப்புறு முதல்வர், திருத்தந்தையின் சிற்றாலயக் குரு என மூன்றாகச் சுருக்கியது. மறு ஆண்டில் வந்த உடை விதிகளின்படி, கடைசிப் படியினரின் கறுப்பு அங்கிக்கு ஊதா விளிம்பும் ஊதா இடைக்கச்சையும் உண்டு. மேல் இரு படியினருக்கும் கச்சை அதுவே, விளிம்பு மட்டும் சிவப்பு. பெருகிக் கிடந்த ஆடம்பரத்தை ஒரு தையல் விளிம்பின் அளவுக்குக் குறைத்த இச்சீர்திருத்தம் துணிவானதே.

எனினும் இன்னும் ஆழமாக வெட்டியவர் திருத்தந்தை பிரான்சிஸ். மறைமாவட்டக் குருக்களுக்கு இனிச் சிற்றாலயக் குரு பட்டம் மட்டுமே, அதுவும் 65 வயது நிறைந்தோருக்கே என 2014 தொடக்கத்தில் திருப்பீடத் தூதர்கள் வழியாக ஆயர்களுக்கு அறிவிக்கப்பட்டது. இளங்குரு ஒருவர் ஏற விரும்பும் ஏணியாக இருந்த பட்டம், இவ்வாறு நெடுநாள் உழைப்புக்குரிய நன்றியறிதலாயிற்று. முன்பே பெற்றவர்கள் தம் பட்டத்தை இழக்கவில்லை. வத்திக்கான் தலைமையகத்திலும் தூதரகங்களிலும் பணியாற்றுவோருக்கும் இவ்வரம்பு பொருந்தாது.