இழந்த பணமும் மறைத்த பெயரும்: இணைய மோசடியை அளக்கும் ஆய்வுகள் குறித்து

இணையவழி மோசடி பற்றி நம்மிடம் எண்களுக்குப் பஞ்சமில்லை. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 65,893 இணையக் குற்ற வழக்குகள் பதிவானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. அதே ஆண்டில் உள்துறை அமைச்சகத்தின் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்துக்கு வந்தவை 10.29 லட்சம். முன்னது வழக்காகப் பதிவானவற்றின் கணக்கு. பின்னது புகார் செய்ய முன்வந்தவர்களின் கணக்கு. ஏமாந்தும் வாய் திறக்காதவர்கள் இரண்டிலும் இல்லை. அவர்களை எண்ணுவதற்கு மாதிரி ஆய்வுதான் வழி. வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, நேரில் சென்று, கடந்த ஓராண்டில் என்ன நேர்ந்தது என்று கேட்க வேண்டும். இந்தியாவுக்கு அப்படியொரு ஆய்வு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நாடு முழுவதும் பறிபோன தொகையைக் கண்டறிவதே அதன் முதல் நோக்கமானால் அது தோற்கும். பெயர் கெட்டுவிடுமே என்ற அச்சத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் மற்ற எண்களும் நம்பத்தக்கவையாக இரா. இவ்விரண்டையும் நிறுவ முயல்வதே இக்கட்டுரை.

முதலில் தொகை. அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2006இல் ஏறத்தாழ 4,900 பேரைக் கேட்டு அடையாளத் திருட்டு பற்றிய ஆய்வொன்றை நடத்தியது. 2005இல் 83 லட்சம் பேர் பாதிக்கப்பட்டனர், இழப்பு 1,560 கோடி டாலர் என்பது அதன் முடிவு. இருவர் சொன்ன பதில்களை ஆணையம் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் அந்த இருவரால் மட்டும் மதிப்பீடு 3,700 கோடி டாலர் ஏறியிருக்கும். மற்ற எல்லோரும் சேர்ந்து சொன்னதைப்போல இரு மடங்குக்கும் மேல்! மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த டினெய் ஃப்ளோரென்சியோ, கோர்மக் ஹெர்லி இருவரும் 2011இல் இத்தகைய ஆய்வுகள் பலவற்றைப் பரிசோதித்து, இது விதிவிலக்கல்ல என்று காட்டினார்கள். அவர்களின் கணக்கு எளிமையானது. 20 கோடி வயதுவந்தோர் உள்ள நாட்டில் ஆயிரம் பேரைக் கேட்டால், ஒருவரின் பதில் இரண்டு லட்சம் பேருக்கு நிற்கிறது. அவர் 50,000 டாலர் போயிற்று என்று சொன்னால், அந்த ஒற்றை வாய்ச்சொல் நாட்டின் இழப்பில் 1,000 கோடி டாலராகப் பெருகிவிடும். அவர் சொன்னதைச் சரிபார்த்தவர் எவருமில்லை.

குறை மாதிரியின் அளவில் மட்டும் இல்லை, இழப்பு பரவியிருக்கும் விதத்திலும் இருக்கிறது. பெரும்பாலோர் எதையும் இழப்பதில்லை, சிலர் சில ஆயிரம் இழக்கிறார்கள், மிகச் சிலர் வாழ்நாள் சேமிப்பையே பறிகொடுக்கிறார்கள். மக்களை நன்கு பிரதிபலிக்கும் மாதிரி, இழப்பையும் அவ்வாறே பிரதிபலிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உயரத்தையோ வாக்கு விருப்பத்தையோ அளக்கும்போது மிகை ஒரு பக்கமும் குறை மறுபக்கமும் விழுந்து ஏறத்தாழச் சமனாகும். இழப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகாதென்பதால், மிகைப்படுத்தியவரின் பதிலை ஈடுசெய்ய எதிர்ப்பக்கத்தில் யாரும் இல்லை.

இந்த எச்சரிக்கை நம் புகார்த் தரவுகளுக்கும் பொருந்தும். 2023இல் 15.96 லட்சமாக இருந்த புகார்கள் 2024இல் 22.68 லட்சமாயின. உயர்வு சுமார் 42 விழுக்காடு. பறிபோனதாகச் சொல்லப்பட்ட தொகையோ 7,465 கோடி ரூபாயிலிருந்து 22,845 கோடியாக, மூன்று மடங்காகத் தாவியது. சாதாரணக் குடும்பம் ஒன்றின் இழப்பு இரட்டித்ததா? அல்லது அதிகாரி வேடத்தில் மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’, போலிப் பங்கு முதலீடு போன்ற வலைகளில் சிலர் கோடிக்கணக்கில் இழந்ததால் மொத்தம் வீங்கியதா? மொத்தத் தொகையை வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்ல முடியாது. இரண்டுக்கும் தேவைப்படும் கொள்கைகள் வேறு என்பதால், விடை தெரியாமல் இருப்பது சிறிய குறையும் அல்ல. பாதிக்கப்பட்டோர் விகிதம், இழப்பின் இடைநிலை அளவு, புகார் செய்தோர் விகிதம் ஆகிய மூன்றையும் ஒரு நல்ல மாதிரி ஆய்வு ஓரளவு உறுதியாகச் சொல்லும். தலைப்புச் செய்திக்கு உதவாவிட்டாலும் அவற்றையே நாம் கேட்டுப் பெற வேண்டும்.

கேட்கத் தொடங்கினாலே காட்சி எவ்வளவு மாறும் என்பதற்கு இங்கிலாந்து சான்று. இங்கிலாந்து, வேல்ஸ் குற்ற ஆய்வில் மோசடி, கணினிக் குற்றம் பற்றிய கேள்விகள் 2015 அக்டோபரில்தான் சேர்ந்தன. 2016 செப்டம்பருடன் முடிந்த ஆண்டில் மற்றக் குற்றங்கள் 62 லட்சம், மோசடி 36 லட்சம், கணினிக் குற்றம் 20 லட்சம் என்று தெரியவந்தது. குற்றம் குறைந்துகொண்டே வருகிறது என்று அதுவரை பேசப்பட்ட நாட்டில், மொத்தக் குற்றங்களில் கிட்டத்தட்டப் பாதி எண்ணப்படாமலே இருந்திருக்கிறது.

இனி பெயர். நடந்ததை நேரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும்? 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் இதைச் சோதித்தார்கள். காவல்துறைப் பதிவுகளிலிருந்து குற்றத்துக்கு ஆளானவர்களைத் தேர்ந்து, அவர்களிடமே ஆய்வுக் கேள்விகளைக் கேட்டார்கள். மொத்தத்தில் நால்வரில் மூவர் அளவுக்குச் சொன்னார்கள். ஆனால் தாக்கியவர் உறவினராக இருந்தபோது ஐந்தில் ஒருவர் அளவுக்கே வாய் திறந்தார்கள். இவ்வளவு பெரிய இடைவெளிக்கு மறதியைக் காரணம் காட்ட முடியாது. வீட்டு மானம் அங்கே குறுக்கே நின்றிருக்கிறது.

இணைய மோசடியில் இந்தத் தடை இன்னும் ஆழமானது, ஏனெனில் இங்கே மானமே குற்றவாளியின் கருவி. போலிக் கடன் செயலி கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களை அள்ளிக்கொள்கிறது. தவணை தவறினாலும் தவறாவிட்டாலும், கடன் வாங்கியவரின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி, மாமனாருக்கும் மேலாளருக்கும் அனுப்புவதாக மிரட்டுகிறது. வீடியோ அழைப்பில் வலை விரித்து மிரட்டுபவனும் ‘உன் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள்’ என்று அதிகாரி வேடமிடுபவனும் விலைபேசுவது அதே பெயரைத்தான். பணம் கட்டியவர் தன் பெயரைக் காக்கவே கட்டுகிறார். அதே காரணத்துக்காகவே பிறகு புகாரும் செய்யாமல், ஆய்வாளரிடமும் மறைக்கிறார். ஆகவே எந்தக் குற்றம் மானத்தை அதிகம் குறிவைக்கிறதோ, அதுவே நம் எண்களில் மிகக் குறைவாகத் தெரியும். குறைவாகத் தெரிவதால் கவனமும் குறைவாகவே கிடைக்கும்.

இணையத்தில் நற்பெயர் பற்றிய ஆய்வுகள் இதைத் தொட்டிருக்க வேண்டும், தொடவில்லை. பியூ ஆய்வு மையம் 2010இல் வெளியிட்ட அறிக்கையில், இணையம் பயன்படுத்தும் அமெரிக்கர்களில் 57 விழுக்காட்டினர் தங்கள் பெயரைத் தேடுபொறியில் தேடிப் பார்த்தவர்கள் என்ற செய்தி உண்டு. அங்கே நற்பெயர் என்பது தானே சீவிச் சிங்காரித்துக் காட்டும் தோற்றம். பிறர் கையில் சிக்கிய பிணைப்பொருளாகப் பெயர் மாறுவது அந்தக் கேள்விகளின் எல்லைக்கு வெளியே நின்றது. மோசடி ஒரு துறை, நற்பெயர் இன்னொரு துறை என்று ஆய்வாளர்கள் பிரித்துக்கொண்டதன் விளைவு இது. குற்றவாளிகள் அப்படிப் பிரித்துக்கொள்ளவில்லை.

நம் ஆய்வை எப்படி அமைக்கலாம்? தொலைபேசியில் நடத்தக் கூடாது. தெரியாத எண்ணிலிருந்து அழைத்து, வங்கிக் கணக்கு உண்டா, பணம் போயிற்றா என்று விசாரிக்கும் குரல் மோசடிக்காரனின் குரலாகவே கேட்கும். ஒருமுறை சூடுபட்டவர்களே முதலில் அழைப்பைத் துண்டிப்பார்கள். யாரைத் தேடுகிறோமோ அவர்களையே இழப்போம். கேள்விகளும் குற்றத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கப்படக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டைத் தண்டிக்கிறது. ஆனால் ஓடிபி சொல்லிப் பணம் இழந்த ஒருவர் தனக்கு நேர்ந்ததை அந்தப் பெயரால் அறியமாட்டார். ‘வங்கியிலிருந்து பேசுவதாக யாராவது உங்களிடம் எண் கேட்டார்களா, சொன்னீர்களா, பிறகு என்ன ஆயிற்று’ என்று நிகழ்ச்சியைத்தான் கேட்க வேண்டும்.

தனிமை எல்லாவற்றிலும் முக்கியம். இதற்கு வெளிநாட்டு முன்மாதிரி வேண்டியதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வு குடும்ப வன்முறை பற்றிக் கேட்கும்போது, ஒரு வீட்டில் ஒரு பெண்ணை மட்டுமே தேர்ந்தெடுக்கிறது. பிறர் காதில் விழாத தனிமை கிடைத்தால்தான் அந்தப் பகுதிக்குள் நுழைகிறது. மனைவிக்குத் தெரியாமல் கடன் செயலியில் சிக்கிய கணவனுக்கும், பெற்றோருக்குத் தெரியாமல் மிரட்டலுக்குப் பணிந்த மாணவிக்கும் அதே பாதுகாப்பு உரியது. குடும்பத் தலைவரைத் திண்ணையில் உட்கார வைத்து எல்லோருக்குமாகப் பதில் வாங்கும் வழக்கம் இங்கே செல்லாது.

கடைசியாக, சான் ஹோசே சோதனையை நாம் இன்னும் சிறப்பாகச் செய்ய முடியும். இணைய மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் செய்த லட்சக்கணக்கானோரின் பதிவுகள் அரசிடம் உள்ளன. அவர்களில் ஒரு சிறு தொகுதியினரை, அவர்களின் அடையாளம் களப்பணியாளருக்குத் தெரியாதபடி, பொதுமாதிரியோடு கலந்து கேட்கலாம். எத்தனை பேர் மறைக்கிறார்கள், எந்த வகைக் குற்றத்தில் அதிகம் மறைக்கிறார்கள் என்பது அப்போது எண்ணாகவே கிடைக்கும். புகாரே செய்யாதவர்கள் இவர்களைவிட அதிகம் மறைப்பார்கள் என்பதால், கிடைக்கும் எண்ணைக் கீழ்வரம்பாகவே கொள்ள வேண்டும். அப்படியிருந்தும் மௌனத்தின் அளவு பற்றி ஊகிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் வீடுவீடாகச் சென்று இணையப் பயன்பாடு பற்றிய கேள்விகளை ஏற்கெனவே கேட்டுவருகிறது. அந்த வினாப்பட்டியலில் இந்தப் பகுதியையும் சேர்க்க வேண்டும்; சேர்க்கும்போது, எவ்வளவு இழந்தீர்கள் என்பதற்கு முன்னால் யாரிடம் சொன்னீர்கள், யாரிடம் சொல்ல முடியவில்லை என்று கேட்க வேண்டும்.