கை நீட்டிய கார்கள்

ரயில் நிலையத்தின் கோடியில் நின்று, பலகைக் கையை ஏற்றி இறக்கி வண்டிக்கு வழிவிட்ட சிக்னல் மரத்தை நம் ஊரில் ‘கைகாட்டி’ என்றார்கள். 1928இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் கார்களுக்கென்று அதே மாதிரி ஒரு குட்டிக் கையைச் செய்து விற்கத் தொடங்கியது. அதன் ஜெர்மன் பெயர் ‘விங்கர்’. கையசைப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழனுக்கும் ஜெர்மானியனுக்கும் ஒரே கற்பனை ஓடியிருக்கிறது. ஆங்கிலேயர்தான் அதற்கு ‘டிராஃபிகேட்டர்’ என்று வாயில் எளிதில் நுழையாத பெயரைச் சூட்டினார்கள்.

அந்த இயந்திரக் கை வரும்வரை ஓட்டுநரின் சொந்தக் கைதான் இண்டிகேட்டர். பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஸ்டியரிங் வலப்பக்கம். ஆகவே சொல்ல வேண்டிய அத்தனையையும் வலக்கை ஒன்றே சொல்லியாக வேண்டும். வலப்பக்கம் திரும்பக் கையை நேராக நீட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்ப, நீட்டிய கையை இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். வேகம் குறைவதைச் சொல்ல உள்ளங்கையைக் கவிழ்த்து மேலும் கீழும் ஆட்ட வேண்டும்; நிற்கப்போவதற்கு முன்கையை நிமிர்த்த வேண்டும். பின்னால் வருகிறவர் முந்திக்கொள்ளலாம் என்றால் முன்னும் பின்னுமாக வீசிக் காட்ட வேண்டும். 1931இல் ஒரு பென்னி விலையில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட முதல் சாலை விதிக் கையேட்டில் இந்தச் சைகைகளுக்கே கணிசமான இடம் ஒதுக்கப்பட்டது. குதிரை வண்டிக்காரர் சாட்டையால் சைகை காட்டும் முறைகூட அதில் உண்டு. பின்பார்வைக் கண்ணாடியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கையை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. பெர்சி டக்ளஸ்-ஹாமில்டன் என்பவர் 1909இல் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமையில் விளக்குகள் மனிதக் கையின் வடிவத்திலேயே இருந்தன. மௌனப் பட நடிகை புளோரன்ஸ் லாரன்ஸ் 1914 வாக்கில் தன் காரின் பின்புறத்தில், பொத்தானை அழுத்தினால் எழும் ஒரு சைகைக் கரத்தை அமைத்தார். காப்புரிமை வாங்கவில்லை, அதனால் காசும் வரவில்லை. கார் உலகம் இருவரையும் கண்டுகொள்ளாமல் கடந்துபோனதற்கு ஒரு காரணம் உண்டு. அன்றைய கார்கள் பெரும்பாலும் திறந்தவை. கை வெளியிலேதான் இருந்தது, நீட்டுவதில் சிரமமில்லை. 1920களில் கூரையும் கண்ணாடியும் போட்ட மூடிய கார்கள் பெருகிய பிறகுதான் தொல்லை தொடங்கியது. ஐரோப்பியக் குளிரில், மழையில், ஒவ்வொரு திருப்பத்துக்கும் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட யாருக்குத்தான் மனம் வரும்?

டிராஃபிகேட்டரின் உள்ளமைப்பு எளிமையானது. முன்கதவுக்குப் பின்னாலுள்ள தூணில் ஒடுங்கிய ஒரு பள்ளம். அதற்குள் மடங்கிக் கிடக்கும் ஒரு கை. டாஷ்போர்டில் சுவிட்சைத் திருப்பினால் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்து காந்தமாகும். அது இரும்புத் தண்டு ஒன்றை இழுக்கும். கை வெளியே எழுந்து படுக்கைவாட்டில் நிற்கும். ஆரஞ்சு நிற உறைக்குள் வெறும் 3 வாட் பல்பு ஒன்று எரியும். மின்சாரம் நின்றால் கை தன் எடையாலேயே விழுந்து பள்ளத்துக்குள் போய்விடும். கார் ஓடும்போது தானாக ஆடி வெளியே வராதபடி சின்னக் கொக்கி ஒன்றும் உண்டு. பிரிட்டனில் இதைப் பெருவாரியாகச் செய்தது பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனம். அதன் எஸ்.எஃப்.80 ரகம்தான் மோரிஸ் மைனர் காரின் தூணில் ஒளிந்திருந்தது.

எளிமையானது என்பதற்காக நம்பகமானது என்று சொல்லிவிட முடியாது. தூசி படிந்தால் எழாது, துரு பிடித்தால் பாதியில் நிற்கும், பனி உறைந்தால் அசையவே அசையாது. சுவிட்சைப் போட்டுவிட்டு, உட்புறத் தூணில் முஷ்டியால் ஒரு குத்து விடுவது அக்கால ஓட்டுநர்களின் அன்றாட வழக்கம். எழுந்த கை சொன்னபடி இறங்காவிட்டால் இன்னும் மோசம்: ஒடுக்கமான இடத்தில் எதிலாவது இடித்து முறிந்துவிடும். லூகாஸ் நிறுவனத்தை ‘இருளின் இளவரசர்’ என்று கார்ப் பிரியர்கள் கேலி செய்வதில் இந்தக் கைக்கும் கொஞ்சம் பங்கிருக்க வேண்டும்.

அமெரிக்கா கைகாட்டியைத் தாண்டிக் குதித்தது. 1939இல் பியூக் கார்கள் மினுக்கும் இண்டிகேட்டரோடு ஆலையிலிருந்தே வந்தன. முதலில் பின்பக்கம் மட்டும், அடுத்த ஆண்டு முன்பக்கமும். ஐரோப்பாவுக்கு மனம் மாற இன்னும் பல ஆண்டுகள் ஆயின. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அமெரிக்காவுக்குப் போகும் வண்டிகளில் 1955லேயே மினுக்கு விளக்கை மாட்டிவிட்டு, சொந்த ஊரில் 1960வரை கைகாட்டியையே விற்றது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மோரிஸ் மைனரின் கதை இன்னும் வேடிக்கை. பத்து லட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் அது. அந்தப் பத்து லட்சமாவது வண்டி வந்த சமயத்திலும் உள்நாட்டு மைனர்கள் தூணிலிருந்துதான் கையை நீட்டிக்கொண்டிருந்தன. 1961 அக்டோபரில்தான் அந்தக் கை மடங்கியது. அதே 1961இல்தான் லூகாஸும் டி.வி.எஸ்.ஸும் கூட்டுச் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. அதன் ஆலை இருக்கும் சென்னை பாடியில் பேருந்து நிறுத்தத்துக்கே ‘லூகாஸ்’ என்று பெயர் விழுந்தது அப்படித்தான்.

தமிழர்கள் இந்தத் தலைமுறைக் கார்களோடு மிக நீண்ட காலம் வாழ்ந்த ஊர் யாழ்ப்பாணம். ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர், ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் எல்லாம் அங்கே போர்க்காலத்தில் வாடகை வண்டிகளாக உழைத்தன. எரிபொருள் தடை இருந்த ஆண்டுகளில் சில துளிப் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். இண்டிகேட்டர் எந்த வகை என்பது அந்தச் சாலைகளில் யாருக்கும் கவலையாக இருந்திருக்காது. ஆனால் பிரிட்டனில் என்றோ பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டிய வண்டிகளை அந்த மெக்கானிக்குகள் கைவேலையாலேயே காப்பாற்றினார்கள்.

பழைய காரின் இண்டிகேட்டரை மேம்படுத்துவது இக்காலத்து மோகம் என்று நினைத்தால் தவறு. 1950களின் நடுவில் பிரிட்டனில் மினுக்கு விளக்குகள் பரவத் தொடங்கியதுமே, பழைய வண்டிக்காரர்கள் தங்கள் கார்களிலும் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். கார் நிறுவனங்களே ஒட்டுப்போட்டுத்தான் சமாளித்தன. புதிய விளக்குக்கு இடம் தேடாமல், ஏற்கெனவே பின்னால் இருந்த பிரேக் விளக்கின் இழையையே மினுக்க வைத்தார்கள். அதற்காக லூகாஸ் செய்த டி.பி.10 என்ற ரிலேப் பெட்டி எம்.ஜி.ஏ., ஆஸ்டின்-ஹீலி 100 போன்ற கார்களின் பானெட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. பிரேக்கை மிதித்தபடி இடப்பக்கம் இண்டிகேட்டர் போட்டால், அந்தப் பெட்டி இடப்பக்க பிரேக் விளக்கைப் பிரித்தெடுத்து மினுக்கவிடும். வலப்பக்க விளக்கு நிலையாக எரியும். ஒரே இழைக்கு இரண்டு உத்தியோகம். முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் சிவப்பு.

இதிலுள்ள குழப்பம் சொல்லாமலே விளங்கும். பின்னால் வருகிறவருக்குச் சிவப்பாக எரிவது பிரேக்கா, திருப்பமா? பிரிட்டன் 1965 செப்டம்பர் 1 முதல் சாலைக்கு வந்த வண்டிகளுக்கு ஆரஞ்சு மஞ்சள் நிறத்தைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தியவை பழைய வெள்ளையையும் சிவப்பையும் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இன்றும் பின்பக்க இண்டிகேட்டர் சிவப்பாக இருக்க அனுமதி உண்டு. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, திரும்பும் வண்டியைப் பின்னாலிருந்து மோதும் விபத்துகள் ஆரஞ்சு மஞ்சள் விளக்கால் 5 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகக் குறைகின்றன என்று கணக்கிட்டது. அதன் பிறகும் விதி மாறவில்லை.

இன்று பிரிட்டனில் 1955ஆம் ஆண்டு மைனரைச் சாலைக்கு எடுப்பவருக்குச் சட்டத்தால் தொல்லை இல்லை. கைகாட்டி அங்கே இன்னும் செல்லும். தொல்லை மற்ற ஓட்டுநர்களால்தான். இன்றைய கண்கள் காரின் நான்கு மூலைகளைப் பார்த்துப் பழகியவை. நடுத்தூணிலிருந்து மங்கலாக ஒரு குச்சி நீள்வதைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. பார்த்தாலும் அது என்னவென்று புரிவதில்லை.

ஆகவே வேலை தொடங்குகிறது. சிலர் கைகாட்டியின் ஆரஞ்சு உறைக்குள்ளேயே எல்இடி பட்டையை ஒட்டி, எழுந்த கை மினுக்கும்படி செய்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனாலும் அது இருக்கும் இடம் தூண்தானே. சிலர் முன்பக்கச் சிறு விளக்கின் ஹோல்டரை மாற்றி இரட்டை இழை பல்பு போட்டு, பழைய டி.பி.10 உத்தியையே இக்கால மின்னணு ரிலேயால் செய்கிறார்கள். வெளியே ஒரு மாற்றமும் தெரியாது. மூன்றாவது வகையினர் மோட்டார் சைக்கிள் இண்டிகேட்டர்களைப் பம்பர் போல்ட்டில் ஒரு தகடு வைத்து மாட்டுகிறார்கள். கண்காட்சிக்குப் போகும் அன்று கழற்றிவைக்கலாம். தோற்றத்தில் இதுதான் கடைசி. சாலையில் உயிர் காப்பதில் முதலிடமும் இதற்குத்தான் தர வேண்டும்.

எந்த வழியில் போனாலும் பல்பைக் கழற்றி எல்இடி போடும் ஆசை வந்தே தீரும். பழைய வயரிங் தன் குணத்தைக் காட்டுவது அங்கேதான்.

விளக்கை மினுக்க வைக்கும் அக்கால பிளாஷர் ஒரு சிறிய தகரக் குப்பி. உள்ளே இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி. மின்சாரம் பாய்ந்ததும் கம்பி சூடாகி நீளும், முனைகள் தொட்டுக்கொள்ளும், பல்புகள் முழு வெளிச்சத்தில் எரியும். தொட்ட கணத்தில் கம்பிக்குப் போகும் மின்சாரம் விலகிவிடுவதால் அது ஆறிச் சுருங்கும், முனைகள் பிரியும். இந்தச் சூடேறலும் ஆறலும்தான் அந்த ‘டிக்-டிக்’. குப்பிக்குள் தாளம் போட வேறு யாரும் இல்லை. முன்னால் ஒரு 21 வாட், பின்னால் ஒரு 21 வாட், ஆக 42 வாட். 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். இந்தப் பசியை நம்பியே கம்பியின் கணக்கு போடப்பட்டிருக்கிறது. ஒரு பல்பு செத்தால் தாளம் தப்பும். ஓட்டுநர் இறங்கிப் பார்க்காமல் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார்.

எல்இடிக்கு அந்தப் பசி கிடையாது. சில வாட்டுகளே போதும் அதற்கு. கம்பி சரியாகச் சூடேறாது. விளக்கு மினுக்காமல் நிற்கும், அல்லது கண்டபடி மினுக்கும். இதற்குக் கடையில் ஒரு மருந்து உண்டு: எல்இடிக்குப் பக்கத்தில் 6 ஓம் மின்தடை ஒன்றை இணைப்பது. அது 24 வாட்டை வெறும் சூடாக எரித்து, பழைய பல்பு இன்னும் இருக்கிறது என்று பிளாஷரை ஏமாற்றும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்இடி வாங்கி, மிச்சம் பிடித்ததைக் கொளுத்த இன்னொரு பொருளும் வாங்கும் கூத்து இது. அந்தத் தடை கை வைக்க முடியாதபடி கொதிக்கும் என்பதால் வயர் சுற்றிய இடத்தில் வைத்தால் ஆபத்து. மின்னணு பிளாஷர் போடுவதே நேரான வழி.

அதிலும் ஒரு பொறி காத்திருக்கிறது. அக்கால பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவை ‘பாசிட்டிவ் எர்த்’: பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கும். இழை பல்புக்குத் திசை பொருட்டல்ல. எல்இடியோ தலைகீழாக இணைத்தால் எரியாது. மின்னணு பிளாஷர் பாழாகவும் கூடும். டாஷ்போர்டில் இரு பக்கத்துக்கும் ஒரே அறிவிப்பு விளக்கு இருக்கும் வண்டிகளில் இன்னொரு கூத்து. இடப்பக்கம் போட்டால் அந்தச் சின்ன விளக்கு வலப்பக்க பல்புகளின் இழை வழியாகத்தான் எர்த்தைத் தேடும். அந்தச் சொற்ப மின்சாரத்தில் 21 வாட் இழை சிவக்கக்கூடச் செய்யாது. அங்கே எல்இடி இருந்தால் அதற்கு அதுவே தாராளம். நான்கு மூலையும் சேர்ந்து மினுக்கும். இரண்டு டயோடுகளை வைத்துத் திசையைத் தடுத்தால் சரியாகிவிடும். ஆனால் காரணம் தெரியாமல் டாஷ்போர்டு முழுவதையும் பிரித்துப்போட்டவர்கள் உண்டு.

இத்தனை மாற்றத்துக்குப் பிறகு அது பழைய கார்தானா என்ற வழக்கு தீராதது. உலகப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவா 2013 வாக்கில் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், மாற்றங்கள் குறைவாக இருக்கட்டும், திரும்பப் பழையபடி ஆக்கக்கூடியதாக இருக்கட்டும், பதிவு செய்யப்படட்டும் என்ற போக்கில் பேசுகிறது. இந்தியாவில் 2021இல் வந்த விதிப்படி 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் குலையாத வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துகளோடு தனிப் பதிவு எண் கிடைக்கிறது. ஆனால் மூலம் எது? 1956இல் முதல் சொந்தக்காரர் பக்கத்துப் பட்டறையில் மாட்டிய மினுக்கு விளக்கும் அந்தக் காரின் வரலாறுதான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஆலையிலிருந்து வந்த கைகாட்டியைத் தேடி மாட்டுகிறவர், ஒரு வரலாற்றை அழித்து இன்னொன்றை எழுதுகிறார்.

லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஆண்டுதோறும் நவம்பரில் ஓடும் 1905க்கு முந்தைய கார்களுக்கு இந்த வழக்கே இல்லை. மாற்ற அங்கே இண்டிகேட்டரே கிடையாது. ஓட்டுநர் குளிரில் கையை நீட்டுகிறார். இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 121ஆம் பிரிவும் ஓட்டுநர் சைகை காட்ட வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு, திரும்புவதையும் நிற்பதையும் இயந்திரச் சாதனத்தாலோ மின்சாதனத்தாலோ காட்டலாம் என்று பிறகுதான் அனுமதிக்கிறது.

மின்னணு பிளாஷரைப் பற்றி ஒரு புகார் மிச்சமிருக்கிறது: அது சத்தம் போடுவதில்லை. இண்டிகேட்டரை அணைக்க மறந்து மைல் கணக்கில் ஓட்டிப்போகிறார்கள். அதனால் இப்போது ‘டிக்-டிக்’ ஒலிக்கும்படி செய்த மின்னணு பிளாஷர்களும் கடைக்கு வந்துவிட்டன. புதிய கார்களிலோ சூடேறும் கம்பி இல்லை, பலவற்றில் ரிலேகூட இல்லை. தகரக் குப்பியின் அந்தத் தாளத்தை ஸ்பீக்கர் ஒலிக்கிறது.